ஹரிபாபு போட்ட பூட்டு

அந்த வாரம் சாவு ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு ஜெயபிரகாஷின் அச்சுக்கடையில் பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஒரு கருமாதிப் பத்திரிகையைத் துப்பியது.

மே மாதம். சித்தூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் தார் இளகி நாறியது. எதிர்க்கடையிலிருந்து மாம்பழ ஜூஸ் வாசனையும், மொட்டை மாடியில் பாயில் தடவிக் காயவைத்த மாம்பழக் கூழின் புளிப்பும், பிரிண்டரின் சூடான பிளாஸ்டிக் நெடியும் ஒன்றாகக் கலந்து, கடைக்குள் ஈரத் துணிபோலத் தொங்கின. தாளை எடுத்த ஜெயபிரகாஷ் அதை இரண்டு முறை படித்தார்.

பவன்குமார், வயது 38. வெள்ளிக்கிழமை இறைவனடி சேர்ந்தார். போன வெள்ளி அல்ல, வருகிற வெள்ளி.

பவன்குமார் எதிரே தன் ஜூஸ் கடையில் நின்று மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“பவனு! உன் கருமாதிப் பத்திரிகை வந்துக்கீதுடா. வெள்ளிக்கெழம போறியாம்.”

“அய்யோ அண்ணா, வெள்ளிக்கெழம முடியாது. ரேணிகுண்டால பார்சல் போடணும், இருவது பெட்டி. சனிக்கெழமைக்கு மாத்தி வையி.”

சந்தே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக ஜெயபிரகாஷின் கடையில் டைப் அடிக்கிறவள், பங்காருபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். தாளை வாங்கி, மூலையைக் கிழித்து, வெளியே சாக்கடையில் போட்டாள். கருமாதிப் பத்திரிகை யார் வீட்டுக்கு வந்தாலும் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். அதற்கு இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.

“சார், அந்த ஃபைல்ல பேரு இருந்ததா, வெறுமனே வுட்டீங்களா?” என்றாள்.

ஜெயபிரகாஷ் பிரிண்டரின் மூடியைத் திறந்து மூடினார். வெறுமனேதான் விட்டிருந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கருமாதிப் பத்திரிகைக்கு அந்தக் கடையில் ஒரே ஒரு ஃபைல்தான். மேலே விளக்குப் படம், நடுவில் இறந்தவர் பெயர், தேதி, கீழே ‘இங்ஙனம்’ என்று போட்டு மனைவி மக்கள் பெயர். புதிதாக ஒருவர் இறந்தால் பழையவரின் பெயரை அழித்து அந்த இடத்தில் புதியவரை ஏற்ற வேண்டும். அடுத்தவர் வரும்வரை அவர் அங்கேயே குடியிருப்பார். பெயரை எடுத்த கையோடு பெயரைப் போடணும், இடத்தைச் சும்மா விடக்கூடாது என்பது செல்வியின் சட்டம். ஜெயபிரகாஷ் அதைக் கேட்டு எப்போதும் சிரிப்பார். புத்தூர்ப் பக்கம் கரும்பு போட்ட குடும்பத்திலிருந்து வந்து, ஐம்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டர் மொழி கற்றுக்கொண்ட மனிதர். அவருக்குச் சட்டமெல்லாம் மெஷின் சொன்னால்தான் சட்டம்.

அந்த ஃபைலை அச்சுக்கு ஏற்ற PDF ஆக மாற்றித் தருவது ஹெரான் என்ற இலவச மென்பொருள். ஹெரான் என்றால் கொக்கு. திரையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும். அதற்கு முதலாளி கிடையாது. ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறங்கித் தூர் வாரலாம். என்ன வாரினோம், எதற்கு வாரினோம் என்று சுவரில் எழுதிவிட்டு ஏற வேண்டும், அவ்வளவுதான். மேற்பார்வைக்கு பின்லாந்தில் ஒரு அம்மாள். அவர் சரி என்று சொன்னால் மாற்றம் சேரும். சேர்ந்தால் மறுவாரமே உலகத்திலுள்ள எல்லாக் கொக்கும் புதுச் சிறகோடு நிற்கும். தெலுங்கு, தமிழ் எழுத்துகளை அதற்குப் பழக்கியவர் திருப்பதி ஹரிபாபு. போன வருடம் காலமாகிவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன் ஜெயபிரகாஷுக்கு வாட்ஸப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்ப, பெயரில்லாத ஒரு மாதிரிப் பத்திரிகை வேண்டியிருந்தது. பெயரை அழித்துவிட்டு PDF ஆக மாற்றச் சொன்னார். கொக்கு மறுத்தது. ‘பெயர் காலி. தாள் வெளியே போகாது.’ எங்கிருந்து வருகிறது இந்தப் பிடிவாதம் என்று நிரலைத் திறந்து பார்த்தால், நடுவே ஹரிபாபு போட்ட ஒரு பூட்டு. ஐந்தே வரி. அதன் தலைமேல் குறிப்பு ஒன்று: ‘இதை எடுக்காதீர்கள்.’ ஏன் என்று எழுதவில்லை.

காரணம் எழுதாத பூட்டைக் கண்டால் கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கை அரிக்கும். ஜெயபிரகாஷ் ஐந்து வரியையும் எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், பழைய பெயரை மாற்றினால் அதோடு வந்த மற்ற பெயர்களையும் சேர்த்துத் துடைக்கும்படி ஒரு வரி புதிதாகப் போட்டார்; போன சாவின் மருமகன் இந்தச் சாவின் பத்திரிகையில் உட்கார்ந்திருந்த அவமானம் அந்தக் கடைக்கு இரண்டு முறை நேர்ந்திருந்தது. பின்லாந்து அம்மாள் நன்றி சொல்லி, ஒரு கட்டைவிரல் படம் போட்டுச் சேர்த்துக்கொண்டார். ஹெரான் 7.4 வெளியானது. மாற்றங்களின் பட்டியலில் முதல் வரி: ‘காலிப் பெயர் இனி தடையல்ல.’ பக்கத்தில் ஜெயபிரகாஷின் பெயர். அதை அவர் மனைவி தாட்சாயணிக்கு மொபைலில் காட்டினார். “இதுக்கு இன்னா குடுப்பாங்க?” என்றாள் அவள். ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் என்றதும் இட்லி மாவு கரைக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ரேணிகுண்டா ஜங்ஷனில் இருபது பெட்டியையும் ஏற்றிவிட்டு, பவன்குமார் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் தம்பி அழுதுகொண்டே ஆர்டர் கொடுக்க வந்தான். செல்வி ஃபைலைத் திறந்தாள். அடிக்க ஒன்றுமில்லை. பெயர், தேதி, மனைவி பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர், இன்னும் பள்ளியில் சேர்க்காத கடைக்குட்டியின் பெயர்வரை எல்லாம் உட்கார்ந்திருந்தன. நூறு பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். தம்பி சந்து முனையைத் தாண்டுவதற்குள், நடு இடம் தானாகக் காலியானது.

ஜெயபிரகாஷ் அதைக் கண்ணால் பார்த்தார். எழுத்துகள் அழியவில்லை. பின்னால் போவதுபோலப் போயின. மெலிந்து. சாம்பலாகி. வெறும் வெள்ளை.

அன்று சாயங்காலம் அந்த வெள்ளையில் ரத்னம்மாவின் பெயர் வந்தது. போன மாதம் பேத்தியின் சடங்குப் பத்திரிகைக்கு வந்து, “எழுத்து பெருசா போடு நைனா, என் கண்ணுக்கே தெரியல, சாமி எப்படி படிக்கும்” என்ற ராமகுப்பத்துக் கிழவி. ஜெயபிரகாஷ் தாளைக் கிழித்தார். இன்னொன்று வந்தது. பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி செருகியபோது மூன்றாவது வந்தது. ரத்னம்மா திங்கட்கிழமை என்று போட்டிருந்தது. திங்கட்கிழமைதான் போனாள்.

பழைய 7.3-க்குத் திரும்பினார். ஹரிபாபுவின் பூட்டு திரும்ப வந்தது. ‘பெயர் காலி. தாள் வெளியே போகாது.’ அந்த வாசகத்தை அவர் சாமி படத்தைப் பார்ப்பதுபோல நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் காலை கடையைத் திறந்தால், கொக்கு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு 7.4 ஆக நின்றது. பிரிண்டர் தட்டில் முப்பத்தொரு தாள் இருந்தது. எல்லாரும் சித்தூர்க்காரர்கள் அல்ல. மெல்போர்ன் என்று ஒன்று. வாயில் நுழையாத ஊரெல்லாம் இருந்தது. மாற்றத்தை எல்லாரும் இறக்கிக்கொண்டுவிட்டார்கள்.

பூட்டைத் திருப்பிப் போடும்படி அவரே பின்லாந்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். ‘காரணம் எழுதவும்’ என்று பதில் வந்தது. ‘மனிதர்கள் சாகிறார்கள்’ என்று எழுதினார். ‘எங்கள் பக்கம் சோதித்ததில் அப்படி நேரவில்லை. நன்றி’ என்று அம்மாள் விண்ணப்பத்தை மூடினார். மூன்று நாள் கழித்து மூடியதைத் தானே திறந்து, ஒரே வரி எழுதியிருந்தார்: ‘இப்போது எங்கள் பக்கமும்.’ அதற்குப் பிறகு அவர் எதற்கும் பதில் எழுதவில்லை.

செல்வி தன் டிபன் பாக்ஸ், செருப்பு, குடை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள்.

“நாளைலர்ந்து வரமாட்டேன் சார். என் பேரு உங்க கம்ப்யூட்டர்ல எங்கெல்லாம் கீதோ எடுத்துடுங்க.”

“எடுத்தா அங்க வெறும் இடம் ஆயிடுமே செல்வி.”

அவள் வாசலில் நின்றாள். “அப்ப இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அழாமல் போனாள்.

மறுநாள் ஜெயபிரகாஷ் திருப்பதி பஸ் ஏறினார். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. சந்திரகிரி தாண்டும்வரை கம்பியைப் பிடித்து நின்றார்.

ஹரிபாபுவின் மனைவி பத்மினி, கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டில் இருந்தாள். அந்தப் பூட்டு எதற்கு என்று கேட்டதும் அவள் எழுந்து போய், ஒரு கட்டு நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஜெயபிரகாஷ் புரட்டினார். பால் கணக்கு நோட்டில் கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு. மகளின் பள்ளி நோட்டில் எழுதாத பக்கமெல்லாம் கோடு. சுவரில் தொங்கிய காலண்டரில், தேதியில்லாத கட்டங்களில் எல்லாம் சின்னச் சின்னக் கோடு.

“மொதல்ல பத்திரம் எழுதிக்கினு இருந்தவருண்ணா. ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பதினஞ்சு வருஷம். பத்திரத்துல வெறும் இடம் இருந்தா கோடு இழுத்து அடைச்சிடுவாங்களே, அப்புறமா எவனும் எதையும் சேக்கக்கூடாதுன்னு. அந்தப் பழக்கம். ஊட்லயும் வுடமாட்டாரு. வெறும் இடத்தப் பாத்தா எவனாவது எழுதிடுவான்ம்பாரு.”

“எவன்?”

“நானும் அதத்தான் கேட்டேன். எந்த மனுஷன் நம்ம பால் நோட்ட எடுத்து எழுதப்போறான்னேன். ‘நா எப்ப மனுஷன்னு சொன்னேன்’னாரு.”

பத்மினி காபி கொடுத்தாள். அதைக் குடிக்கும்போதுதான் பல நாளுக்குப் பிறகு ஜெயபிரகாஷின் நாக்கில் ருசி தெரிந்தது. கோடு. பூட்டைத் திருப்பிப் போட முடியாவிட்டால் என்ன, காலி இடத்தில் ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. காலி என்பதே இல்லாமல் அடைத்துவிடலாம். திரும்பி வரும்போது ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

நான்கு மணிக்குச் சித்தூரில் இறங்கியபோது வானம் மூடியிருந்தது. காற்று இல்லை. பவன்குமாரின் கடைத் தட்டியில் ஈ மொய்த்தது. கடைக்கு மேல் மாடி வீட்டில் தாட்சாயணியும், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள் யாமினியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை வருது, மாம்பழக் கூழை எடுத்துட்டியா, நீதான் எடுக்கறேன்ன, துன்ன மட்டும் வருவ. அடுப்பில் குக்கர். மூன்று விசில் விட்டு இறக்குவது தாட்சாயணியின் கணக்கு. இருபத்தைந்து வருடமாக அது இரண்டானதுமில்லை, நான்கானதுமில்லை.

ஷட்டரைத் தூக்கினார். பிரிண்டர் தட்டில் ஒரே ஒரு தாள்.

தாட்சாயணி, வயது 47. இன்றைய தேதி. கீழே இங்ஙனம்: கணவர் ஜெயபிரகாஷ், மகள் யாமினி.

மேலே முதல் விசில்.

தாளைக் கிழிக்கவில்லை. கிழித்துப் பயனில்லை. பிளக்கைத் தொடவில்லை. அதுவும் பார்த்தாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். திரையின் மூலையில் கொக்கு. பெயரை எடுத்தால் பெயரைப் போடணும். செல்வியின் சட்டம். யார் பெயரைப் போடுவது என்று ஒரு நொடிகூட அவர் யோசிக்கவில்லை.

தாட்சாயணியை அழித்தார். அந்த இடம் வெளுப்பதற்குள் அடித்தார். ஜெயபிரகாஷ்.

நின்றது. பெயர் நின்றது.

மாடியில் தாட்சாயணி காக்கையைத் திட்டினாள். உயிரோடிருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது கீழே, ‘இங்ஙனம்’ என்ற சொல்லுக்கு அடியில் இருந்தவை மெலியத் தொடங்கின. கணவர். மகள். சாம்பலாகி. பின்னால் போய். பழைய பெயரோடு வந்ததையெல்லாம் சேர்த்துத் துடை. அவரே எழுதிய வரி. இப்போது அங்கே மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை.

காலி.

இரண்டாவது விசில்.

அந்த வெள்ளையில் ஏதோ அசைவதுபோல இருந்தது. எழுத்து முளைப்பதற்கு முன் வரும் நிழல். விடக்கூடாது. அதில் இனி யார் பெயரும் வரக்கூடாது. யார் பெயரும். பத்மினியின் காலண்டர் கண்முன் வந்தது. மவுஸைப் பிடித்தார். இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு இழுத்தார். குறுக்காக. அழுத்தமாக. ஒரு கறுப்புக் கோடு.

நிழல் நின்றது.

ஹரிபாபு, வாழ்க என்று வாய்விட்டுச் சொன்னார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக, வரி வரியாக, தாளை வெளியே தள்ளியது. எடுத்துப் பார்த்தார்.

ஜெயபிரகாஷ். வயது 93.

இரண்டு முறை படித்தார். தொண்ணூற்று மூன்று. இன்னும் நாற்பத்தொரு வருடம். தேதி, கிழமைகூட இருந்தது. கைகள் லேசாகின. பிழைத்தேன் என்று நினைத்தார். எல்லாரும் பிழைத்தோம்.

பிறகு கண் கீழே இறங்கியது.

இங்ஙனம்.

அதற்கடியில் கோடு.

பத்திரிகையில் அது இறந்தவரின் இடமல்ல. இருக்கிறவர்களின் இடம். அவர் போன பிறகும் இருந்து, ஊருக்குச் சொல்லி அனுப்புகிறவர்களின் இடம். மனைவி தாட்சாயணி என்று வரவேண்டிய இடம். மகள் யாமினி என்று. அந்த நிழல். முளைத்துக்கொண்டிருந்த அந்த நிழல் அவர்கள்தான்.

மவுஸைப் பிடித்தார். கோட்டை அழிக்கப் பார்த்தார். அது அழியவில்லை. திரும்பவும். திரும்பவும்.

மேலே சண்டை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. நடமாட்டம் இல்லை. மழையின் முதல் சொட்டுகள் மொட்டை மாடியில் விழுந்தன. பாயை எடுக்க யாரும் ஓடவில்லை.

“தாட்சாயணி.”

மூன்றாவது விசில்.

“யாமினி. அம்மாவ அடுப்ப அணைக்கச் சொல்லு.”

நான்காவது விசில்.

படி ஏழே ஏழு. அவர் முதல் படியின் முன்னால், கையில் தாளோடு நின்றார்.

ஐந்து.

மாம்பழ வாசனையை மூடிக்கொண்டு பருப்பு தீயும் நெடி படிவழியாக இறங்கி வந்தது.

ஆறு.